மண் குடிக்காத மழை

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஓடை’ என்று பெயர் விழுந்துவிட்டது. நீர்வளப் பிரிவில் மற்றவர்களுக்கெல்லாம் பெரிய ஆறுகளும் அணைகளும் கிடைத்திருந்தன. அவளுக்கு மட்டும் நகரத்தின் முதுகுப்புறமாக ஓடும் ஒரு சின்ன ஓடை. “ஓடை வந்தாச்சா?” என்று கேட்பார்கள். காய்ச்சலில் படுத்தால் “ஓடை வத்திப்போச்சு” என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. போனை எடுத்து அவளே “ஓடை பேசறேன்” என்று சொல்லத் தொடங்கியபோது கேலி செய்பவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெய்த மழையில் எவ்வளவு ஓடைக்கு வரும், எப்போது வரும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. ஓடைக்கு நீர் தரும் நிலம் பெரிதல்ல. மேலே புதர் மண்டிய குன்று, அதன் இடுப்பில் ஒரு கல்குவாரி, நடுவே சோளக்கொல்லைகள், கீழே புதிதாக முளைத்த வீட்டுமனைகள். சைக்கிளில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். “இத்தினியூண்டு இடத்துக்கா வருஷக்கணக்கா மல்லுக்கட்டற?” என்று அவள் கணவர் கேட்பார். அவர் டவுன் பஸ் ஓட்டுநர். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும்; ஒருவர் வேலை முடிந்து வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும் நேரத்தில்தான் அவர்களுடைய குடும்பப் பேச்சு முழுவதும் நடக்கும்.

கணக்கு என்றால் என்ன கணக்கு என்று கேட்பவர்களுக்கு அவள் பானையை வைத்துத்தான் விளக்குவாள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பானைகள். மேல் பானை நிலத்தின் மேற்பரப்பு, நடுப்பானை மண், அடிப்பானை ஆழத்து நீர். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அடியில் ஒரு ஓட்டை. பக்கத்து ஓட்டையில் வழிவது ஓடைக்குப் போகும். அடி ஓட்டையில் இறங்குவது கீழ்ப்பானைக்குப் போகும். வெயிலும் செடிகொடியும் தங்கள் பங்கைக் குடித்துக்கொள்ளும். இந்த ஓட்டைகள் எவ்வளவு பெரியவை என்று யாருக்கும் தெரியாது. மண்ணைத் தோண்டினாலும் தெரியாது. பெய்த மழையையும் ஓடையில் வந்த நீரையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை ஓட்டைகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்க வேண்டும். இதற்கு அலுவலகத்தில் ‘மாடல்’ என்று பெயர். அவள் கல்யாணமான புதிதில் அந்த மாடலைத் தொடங்கினாள். இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

ஓடையில் வந்த நீரை அளப்பது ஊருக்குள் நுழையும் இடத்தில் உள்ள பாலத்தில். பாலத்தூணில் ஓர் அளவுகோலும், நீர்மட்டத்தைத் தானாகப் பதிவுசெய்யும் ஒரு கருவியும் உண்டு. அது சொல்வது உயரத்தை மட்டும்தான். இவ்வளவு உயரம் நின்றால் இவ்வளவு நீர் ஓடுகிறது என்று ஓர் அட்டவணை இருந்தது. யாரோ பழைய காலத்தில் பல மழைகளில் நனைந்து, நீரின் வேகத்தை அளந்து போட்ட அட்டவணை. அந்த அட்டவணையை அவள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. சந்தேகிக்க மண்தான் இருந்ததே.

நான்கைந்து வருடங்களுக்கு முன் அந்தப் பாலத்தைச் செப்பனிட்டார்கள். அதன் பிறகு வந்த மழைகளில் மாடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. கணக்கில் வரும் நீர் கூடுதலாகவும், கருவி காட்டுவது குறைவாகவும் இருந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள். கொல்லைகளில் ஆழமாக உழுகிறார்கள், மண் கூடுதலாகக் குடிக்கிறது போலும் என்று முடிவு கட்டினாள். நடுப்பானைக்குப் போகும் ஓட்டையைப் பெரிதாக்கினாள். போதவில்லை, இன்னும் பெரிதாக்கினாள். விடுமுறை நாட்களிலும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, கண் எரிய எரியத் திருத்தி, ஒருவழியாகத் திரையில் கணக்கின் கோட்டையும் கருவியின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தாள்.

அவள் பிரிவுத் தலைவருக்கு ‘ஆகட்டும்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் “ஆகட்டும், பாக்கலாம்” என்பார். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு அவரே நாற்காலியை விட்டு எழுந்தார். “பிரமாதம்மா. மூச்சு விட இடமில்லாம ஒட்டியிருக்கு” என்றார். அவள் வேலை வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அவளுக்கு ஒரு தம்பி. பாலத்துக்குக் கீழ்ப்புறம் தாழ்வாகக் கிடந்த தெருவில் சலவைக்கடை வைத்திருந்தான். முன்புறம் துணி வாங்கும் மேசை, நடுவில் தரையோடு திருகிய பெரிய சலவை இயந்திரங்கள், பின்னால் இஸ்திரி மேசை, மேலே பரண். அவனும் மனைவியும் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். வானம் இருட்டினால் அக்காவுக்குப் போன் போட்டுவிடுவான். “அக்கா, வருமா?” என்பான். அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். அவன் அத்தோடு போனை வைத்துவிடுவான். அவள் சொன்னது இதுவரை தப்பியதில்லை. அந்த வருடங்களில் பெரிய மழையே பெய்யவில்லை என்பதை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய மழை ஒரு வேலை நாளில் விடிந்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. குவாரிக்கு மேலே உள்ள மழைமானி அனுப்பிய எண்கள் ஏறிக்கொண்டே போயின. அவள் மாடலை மீண்டும் மீண்டும் ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் நீர் தெருமட்டத்துக்கு நன்றாகக் கீழேயே நின்றது.

தம்பி கூப்பிட்டான். “அக்கா, வருமா? மெஷினைக் கழட்டித் தூக்கணும்னா ஆள் கூப்பிடணும். இப்பவே சொல்லு.”

“வராதுடா. நிம்மதியா வேலையப் பாரு.”

மத்தியானம் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் தரையில் இருந்த வடிகால் துளை வழியாகக் கொப்பளித்தது. அது என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் வாசல் வழியாகவும் நுழைந்தது. தம்பி ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தான். அவன் மனைவி வாடிக்கையாளர் துணிகளை அள்ளி அள்ளிப் பரணில் எறிந்தாள். ஏணியில் ஏறும்போது கால் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. இருவரும் பரணில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, கீழே ஊரார் துணிமூட்டைகள் மிதப்பதைப் பார்த்தார்கள். தெருவில் உயிருக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இயந்திரங்களுக்குள் சேறு இறங்கிவிட்டது. ஒரு மணமகனின் கோட்டு மட்டும் எப்படியோ கொடியில் தொங்கிக்கொண்டு தப்பித்தது.

மறுநாள் அவள் போனபோது தம்பி வாளியால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர், “அழுக்கு எடுக்கறவன் கடைக்கே வந்து அழுக்காக்கிட்டுப் போயிருக்கு பாருங்க” என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். தம்பி சிரிக்கவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வாளியை எடுத்தாள். இருவரும் சேற்றை அள்ளி அள்ளி வாசலுக்கு வெளியே கொட்டினார்கள்.

“என் மேல கோவமா?” என்றாள் கடைசியில்.

“தண்ணி வந்ததுக்குக் கோவம் இல்லக்கா. தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட நான் தூக்கி வெச்சிருப்பேன்.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நிம்மதியா இருன்னு சொன்னியே.”

அதற்குப் பிறகு வெகுநாள் அவன் அவளிடம் பேசவில்லை. அவளோ நாள் தவறாமல் போனாள். தம்பி மனைவிக்குக் கையில் மாவுக்கட்டு; இஸ்திரி போட ஆள் இல்லை. அலுவலகம் விட்டதும் நேராகக் கடைக்குப் போய் நின்றபடியே சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். காலர், கை, முதுகு, அடுத்தது. கால் வீங்கியது. “அண்ணி, போதும் உக்காருங்க” என்று தம்பி மனைவி சொல்வாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் கணவர் சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். சில நாள் அதைத் திறக்காமலே படுத்துவிடுவாள்.

அலுவலகத்தில் ‘ஆகட்டும்’ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அபூர்வமான மழைம்மா. மாடல்னு இருந்தா ஒரு தடவை தப்பத்தான் செய்யும். அப்படியே எழுதிக் குடுத்துடு” என்றார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் தப்பியிருந்தால் சரி. இது கூப்பிடு தூரத்தில் கூட வரவில்லையே. மழை எண்களைச் சரிபார்த்தாள், சரியாக இருந்தன. கருவியைச் சரிபார்க்கச் சொன்னாள், அதுவும் சரி. மீதி இருந்தது அந்த அட்டவணை ஒன்றுதான்.

“சார், பாலத்துல தண்ணியோட வேகத்தை ஒரு தடவை அளந்து பாக்கணும். வண்டி வேணும்” என்றாள்.

“வண்டியெல்லாம் அணைப்பக்கம் போயிருக்கு. ஆகட்டும், பாக்கலாம்.”

அந்த ‘பாக்கலாம்’ எத்தனை மாதம் நீளும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நடுத்தர மழை பெய்த மறுநாள் காலை, பிரிவின் அளவுக்காரரைக் கூட்டிக்கொண்டு கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே கிளம்பினாள். அளவுக்காரர் நெடுநெடுவென்று வளர்ந்த, சிரிக்கவே யோசிக்கிற மனிதர். நீரின் வேகத்தை அளக்கும் வேகமானியின் கம்பிகள் அவரை விட நீளம். பஸ்ஸுக்குள் அவை எல்லார் தலையிலும் இடித்தன.

“என்னங்க இது, மீன் பிடிக்கப் போறீங்களா?” என்றாள் ஒரு பயணி.

“தண்ணி பிடிக்கப் போறோம்மா” என்றார் அளவுக்காரர், முகம் மாறாமல்.

“கொஞ்சம் வழி விடுங்க, அது நம்ம வீட்டுக்காரம்மாவோட ஓடை” என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் வந்தது. பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தாள்.

பாலத்தின் கைப்பிடியில் அளவுக்கயிற்றைக் கட்டி, வேகமானியைக் கம்பியில் மாட்டி இடம் இடமாக இறக்கினார்கள். நீருக்குள் சின்ன விசிறி சுழல, அளவுக்காரர் சுற்றுகளைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். கூட்டிப் பார்த்தபோது அட்டவணை சொன்னதை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது.

“வேகமானி கெட்டுப்போச்சு போல” என்றார் அளவுக்காரர்.

மறுபடி அளந்தார்கள். அதே விடை. வேகமானியை நம்பாமல் மரத்துண்டுகளைப் போட்டு, அவை மிதந்து போகும் நேரத்தை எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே விடை. அவள் ஓடையின் கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையிலிருந்து கரைக்கு ஒரு பாறை வரிசை குறுக்கே கிடக்கும். அதில் மோதித்தான் பாலத்தடியில் நீர் தேங்கி நிற்கும். அந்தப் பாறை வரிசையைக் காணவில்லை.

“சார், இங்க பாறை இருந்துச்சே?”

“ஆமா மேடம். பாலம் வேலைக்கு லாரி இறங்கணும்னு உடைச்சுச் சமப்படுத்தினாங்க. நானும் பாத்தேன்.” அவர் கம்பியைக் கீழே வைத்தார். “பாத்தப்ப ஒண்ணுமே தோணல.”

“எனக்கும்தான். ஃபைல்ல அந்த வேலையைப் பத்தி எழுதியிருந்தது. படிச்சுட்டு மூடி வெச்சேன்.”

தடுக்கும் பாறை போனபின் நீர் தேங்காமல் சட்டென்று வடிந்தது. அதே அளவு நீர் வந்தாலும் உயரம் குறைவாகத்தான் தெரிந்தது. பழைய அட்டவணை அந்த உயரத்தைப் பார்த்து நீர் குறைவு என்றது. அவள் அந்தக் குறைவுக்குக் காரணம் தேடி மண்ணைக் குடிக்கவைத்தாள்.

அன்று மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பி, கணினியில் பழைய கோப்புகளைத் தேடினாள். பாலத்தைச் செப்பனிடுவதற்கு முன் இருந்த ஓட்டை அளவுகள் கிடைத்தன. திருத்தத்துக்கு முந்தியவை. அவற்றை வைத்து அந்தப் பெரிய மழையை ஓட்டினாள். திரையில் நீர் ஏறியது. தெருமட்டத்தைத் தாண்டியது. சலவைக்கடைச் சுவரில் சேற்றுக்கறை நின்ற உயரத்துக்கு அருகே வந்து நின்றது.

ஆக, முதலிலேயே சரியாக இருந்திருக்கிறது. விடுமுறை நாட்களையெல்லாம் கொட்டி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, சரியாக இருந்ததைத்தான் அவள் தப்பாக்கியிருக்கிறாள். தலைவர் எழுந்து நின்று பாராட்டியது அந்தத் தப்பைத்தான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. எழுந்துபோய் முகம் கழுவினாள். திரும்பி வந்து, ஆறிப்போன சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முழுவதையும் தின்றாள். உடம்பில் பசியையும் அசதியையும் தவிர வேறெதுவும் மிச்சமில்லாததுபோல் இருந்தது.

தலைவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப இத்தனை வருஷத்து அறிக்கை?”

“எல்லாத்தையும் திருத்தணும் சார்.”

“இப்போதைக்கு யார் கிட்டயும் சொல்ல வேண்டாமே.”

“தெருக்காரங்க கிட்ட சொல்லியாகணும் சார். நாம சொல்றத நம்பித்தான் அங்க உக்காந்திருக்காங்க.” அவள் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. “வேணும்னா என் பேரைப் போட்டுக்குங்க. தப்பு பண்ணினது நான்தான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “உன் பேரு எதுக்கு? கையெழுத்து போட்டவன் நான்தானே?” என்றார். பிறகு வழக்கம்போல், “ஆகட்டும்” என்றார். அந்த வாரமே பழைய கணிப்புகளை நம்ப வேண்டாம் என்று தெருமுனையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதைப் பார்த்த சிலர் திட்டினார்கள். பலர் படிக்கவே இல்லை.

புது அட்டவணை போடுவது ஒரு நாள் வேலை இல்லை. ஓடை சிறுத்து ஓடும்போதும், நடுத்தரமாக ஓடும்போதும், கரை புரளும்போதும் அளக்க வேண்டும். அந்த மழைக்காலம் முழுவதும் அவளும் அளவுக்காரரும் பாலமே கதியென்று கிடந்தார்கள். வண்டி சில சமயம் கிடைத்தது. கிடைக்காத நாட்களில் பஸ். அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அளவுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எந்த மழைக்கும் எந்த மேகத்துக்கும் அவர்களுடைய சௌகரியம் ஒரு பொருட்டாகவே இல்லை. கிளம்பிப் போய்ச் சேர்ந்தால் நீர் வடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து தலை துவட்டினால் மறுபடி கொட்டும்.

“விட்டுட்டு வேற ஓடை கேக்கக்கூடாதா?” என்றார் கணவர் ஒருநாள் வாசலில், சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு.

“கேட்டா குடுத்துருவாங்க. அதான் கேக்கல” என்றாள்.

அவர், “இன்னிக்கு என் துணியை நானே இஸ்திரி போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவளுக்கு அது கேலியா பரிவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

அட்டவணை ஓரளவு உருவானதும் அவள் தம்பியிடம் போனாள். கடையில் கூட்டம் இல்லை. அவன் ஒரு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தான். பாறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையை எடுக்காமலே கேட்டான்.

“அப்ப பழசு சரியா இருந்துச்சா?”

“ஆமா.”

“நீ உக்காந்து உக்காந்து அதைக் கெடுத்தியா?”

“ஆமாடா.”

“லீவு நாள்லயுமா?”

அவள் தலையாட்டினாள். தம்பி அவளையே பார்த்தான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “நானும்தான்க்கா” என்றான் மூச்சு வாங்க. “இந்த மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. சேறு போகலன்னு திறந்தேன். இப்ப ஓடவே மாட்டேங்குது.”

அவனுடைய மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அக்காவும் தம்பியும் சேந்து உலகத்தையே ரிப்பேர் பண்ணிருவீங்க” என்றாள். அவள் மணிக்கட்டு கூடிவிட்டிருந்தது, ஆனால் முன்போல் முறுக்கிப் பிழிய வரவில்லை.

அடுத்த வருடம் மழை முன்னதாகவே வந்தது. புது அட்டவணையும் மறுபடி திருத்திய பானைகளும் தயாராக இருந்தன. ஒரு காலை, திரையில் கோடு தெருமட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மண்ணுக்குப் போகும் ஓட்டையைச் சற்றே சிறிதாக்கினால் தாண்டியது. சற்றே பெரிதாக்கினால் தாண்டவில்லை. முன்பென்றால் அவள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள். இப்போது இரண்டையும் தலைவருக்கு அனுப்பினாள். தெருவை எச்சரிக்கச் சொன்னாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

“வருமா?” என்றான்.

“முழங்கால் வரைக்கும் வரலாம். வராமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியல. வந்தா சாயந்திரத்துக்குள்ள வரும்.”

“சரி. தூக்கறேன். மாமா இன்னிக்கு வேலைக்குப் போகலன்னா வரச்சொல்லு.”

அவளும் கணவரும் போனார்கள். இயந்திரங்களைத் திருகு கழற்றி மரக்கட்டைகளின்மேல் ஏற்றினார்கள். துணிகளைப் பரணுக்கு அனுப்பினார்கள். சாயந்திரம் என்று அவள் சொன்ன நீர் மத்தியானத்துக்குச் சற்றுப் பின்பே வந்துவிட்டது. கடைசி இயந்திரம் இன்னும் தரையிலேயே நின்றது. நான்கு பேரும் சேர்ந்து தூக்க, அது நகர மறுத்தது. “விட்டுருங்க மாமா, அது எப்படியும் ஓடாத மெஷின்தான்” என்று தம்பி கத்தினான். நீர் கணுக்காலைத் தாண்டியது, கெண்டைக்காலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது, பிறகு மெல்ல இறங்கிப் போய்விட்டது.

“முழங்கால்னு சொன்ன” என்றான் தம்பி, தன் காலைப் பார்த்தபடி.

“வராமலும் போகலாம்னும் சொன்னேன்.”

“அது சரி” என்று ஒப்புக்கொண்டான்.

அன்றைய மழையில் பாலத்தில் நீர் எந்த உயரம் தொட்டது, கணக்கு எங்கே முந்தியது, எங்கே பிந்தியது என்று பார்க்க அவள் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். அளவுக்காரர் பாலத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். எழுந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கடையின் மரநாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி தரையைக் கழுவ, தண்ணீரைத் துடைப்பம் தள்ளும் சத்தம் வாசல் பக்கமாகப் போனது. தம்பி மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்தபோது அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று வந்தவள் சாடையில் கேட்டாள். கணவர் வேண்டாம் என்று கையசைத்து, கோப்பையை வாங்கித் தானே குடித்தார்.